ஒரு மெஷினுக்கு ஒரு பெட்டி போதாது

பள்ளிக்கூடக் கணினிகளைத் தூரத்தில் இருந்தே நிர்வகிக்கும் மென்பொருள்கள் இப்போ சாதாரணம். அதில் 'டேக்' என்று ஒரு சின்ன வசதி இருக்கு. கலைப்பீடத்துக்காரங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீங்க. பெயர் வைக்கிற விஷயம்தானே, எங்களுக்கும் வேலை இருக்கு.

கூகுளின் நிர்வாகத் தளத்தில் ஒரு குரோம்புக் ஒரே நேரத்தில் ஒரு பிரிவுக்குள்தான் இருக்க முடியும். பெட்டி மாதிரி. சிஸ்கோ மெராக்கியில் ஒரே கருவிக்குப் பல டேக் ஒட்டலாம்: 'எம்பிலிப்பிட்டிய', 'உயர்தரம்', 'தமிழ்'. பிறகு 'தமிழ்' இருக்கிற எல்லாத்துக்கும் ஒரு செட்டிங்கை ஒரே தடவையில் அனுப்பலாம், மெஷின் எந்த ஊரில் இருந்தாலும்.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு கணினிக்கூடம் என்று வைங்க. ஊரை மட்டும் பார்த்துப் பிரிக்கிறவருக்கு அது சிங்களப் பகுதி, அவ்வளவுதான். ஆனா 2012 கணக்கெடுப்பில் இரத்தினபுரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப்பேர் தமிழர். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிறவங்க, எந்த ஊர்ப் பெட்டிக்குள்ளும் அடங்க மாட்டாங்க. 'தமிழ்' என்ற டேக் இல்லைனா ரெங்கநாதன் விசைப்பலகை அந்த மெஷினுக்கு வராது. பிள்ளை தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிட்டுப் போயிரும். முறைப்பாடும் வராது, நிர்வாகியின் திரையில் எல்லாம் பச்சையாவே இருக்கும்.

இதில் எங்களுக்கு ஒரு பயமும் உண்டு. 'தமிழ்' என்று ஒட்டுறது வேற, 'தோட்டம்' என்று ஒட்டுறது வேற. முதலாவது மெஷினுக்கு என்ன வேணும் என்று சொல்லுது. இரண்டாவது அதுக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார் என்று சொல்லுது. நாளைக்கு யாராவது அந்த டேக்கை வைத்து 'இதுகளுக்கு பழைய மெஷின் போதும்' என்று முடிவெடுத்தா? எங்க ஆட்களுக்கு ஒட்டின சீட்டுகளின் கதை தெரியும்தானே. 1911 கணக்கெடுப்பில் இருந்து 'இந்தியத் தமிழர்' என்று தனியா எண்ணினாங்க. 'மலையகத் தமிழர்' என்ற பெயர் அந்தப் படிவத்தில் ஏற 2024 வரை ஆச்சு.

டேக் கூடினா குப்பையாகும் என்பதும் உண்மை. ஒருத்தர் 'தமிழ்' என்பார், இன்னொருத்தர் 'தமிழ்மொழி' என்பார், மென்பொருளுக்கு அது இரண்டு சாமான். அதனால பட்டியலை முதலிலேயே எழுதி வைக்கணும். எழுதும்போது தமிழ் ஆசிரியர் ஒருத்தரும், அந்த லேப்பில் படிக்கிற தோட்டத்துப் பிள்ளை ஒருத்தரும் கட்டாயம் பக்கத்தில் இருக்கணும். ஐடி சேர் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கிற சமாச்சாரம் இல்லை இது.