சிக்னல் கட் ஆனால் இன்ஜினும் கட்: மாடல் ஜெட்டுக்கு ஏன் இந்தக் கண்டிப்பு?

மாடல் விமானம் என்றால் பொம்மைதானே என்று தோன்றலாம். டர்பைன் பொருத்திய மாடல் ஜெட் அப்படி இல்லை. உள்ளே சில லிட்டர் மண்ணெண்ணெய், நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டும் நிஜ ஜெட் இன்ஜின். அமெரிக்காவின் ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ அமைப்பு இவற்றுக்கு வைத்திருக்கும் வேக வரம்பே மணிக்கு 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ.

அந்த வேகத்தில் ரேடியோ சிக்னல் போய்விட்டால்? 2 வினாடிக்குள் சுமார் 180 மீட்டர் கடந்துவிடும். அதற்குள் ரிமோட்டை எப்படித் திருப்பினாலும் பயனில்லை.

சிக்னல் ஏன் போகிறது?

பெரும்பாலான ரிமோட்டுகள் இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. கார்பன் ஃபைபர் பாகங்கள் இந்த அலைகளை மறைக்கும். ஆன்டெனாவைத் தப்பான இடத்தில் வைத்தால், விமானம் திரும்பும்போது சிக்னல் விட்டுப்போகலாம். ரிசீவர் பேட்டரியில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் இதே கதிதான். இதனால்தான் பலர் இரண்டு பேட்டரி, இரண்டு ரிசீவர் வைக்கிறார்கள்.

ஃபெயில்சேஃப் என்ன செய்யும்?

சிக்னல் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஃபெயில்சேஃப். சிக்கல் இங்கேதான். பல ரிசீவர்களில் ‘ஹோல்டு’ என்றொரு செட்டிங் உண்டு. கடைசியாக வந்த கட்டளையை அது அப்படியே தொடரும். முழு வேகத்தில் பறக்கும்போது தொடர்பு அறுந்தால், இன்ஜினும் முழு வேகத்திலேயே ஓடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கோ, பைலட்தான் இன்னும் கட்டளை தருகிறார் என்ற நினைப்பு!

அதனால் த்ராட்டில் சேனலுக்கு ‘ஆஃப்’ நிலையைத்தான் ஃபெயில்சேஃபாகப் பதிய வேண்டும். எரிபொருள் பம்ப் நின்றால் உந்துவிசை போய்விடும். விழுந்த இடத்தில் தீக்கு மேலும் எண்ணெய் ஊற்றப்படாது.

அரை நொடி தடங்கலுக்கெல்லாம் இன்ஜினை அணைக்கலாமா?

நியாயமான கேள்வி. நின்ற டர்பைனை வானத்தில் சட்டென்று மறுபடி கிளப்ப முடியாது, விமானமே போய்விடலாம். அதற்காகத்தான் முதலில் வேகத்தை ஐடிலுக்கு இறக்கி, சிக்னல் திரும்பாவிட்டால் மட்டும் அணைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பு நொடிக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

விதியை மீறினால்?

2019 ஜூலை 4, இங்கிலாந்தின் குட்வுட். ரிமோட்டில் இயங்கிய 95 கிலோ ‘ஏர்ஸ்பீடர்’ விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. அது டர்பைன் இல்லை, மின் மோட்டார். ஆனாலும் பாடம் ஒன்றுதான். அவசரமாக அணைக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வேலை செய்யவில்லை. சுமார் 8,000 அடி வரை ஏறி, விமானப் போக்குவரத்து வான்வெளிக்குள் நுழைந்து, குடியிருப்புகளிலிருந்து சுமார் 40 மீட்டரில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அது அதிர்ஷ்டம், பாதுகாப்பு இல்லை.

ஃபெயில்சேஃப் இருக்கிறதா என்பதைவிட, சோதித்தாகிவிட்டதா என்பதே முக்கியம். விமானத்தைத் தரையில் நன்றாகப் பிடித்து நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்ஜின் நிற்கவில்லையா, அன்று பறக்கக் கூடாது.

லட்சக்கணக்கில் செலவழித்த ஜெட்டை இழப்பது வலிக்கும்தான். ஆனால் ஃபெயில்சேஃப் காப்பாற்ற வேண்டியது விமானத்தை அல்ல, கீழே இருப்பவர்களை.