பிரித்துப் பின்னுவதில் வெட்கம் என்ன?



"நாவல் என்னாச்சு ரீச்சர்? இப்ப ஊசியும் நூலுமா?"

போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பகிடியாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

நாங்கள் இருவர். ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் இருந்தோம், இப்போது ஒரே ஊரில் படிப்பிக்கிறோம். மூன்று வருடமாகச் சேர்ந்து ஒரு நாவல் எழுதுவது பலருக்கும் தெரியும். டிசம்பர் விடுமுறையில் இருந்து பின்னலும் பழகுகிறோம்.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறோம். நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில், தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் இருந்து நிறுத்துகிறார்கள். அதை வாசித்த பெரியவர் ஒருவர், "இதை எடுத்து விடுங்கோ, ஊருக்குக் கெட்ட பெயர்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கோ எடுக்க மனமில்லை, வைக்கத் துணிவுமில்லை. இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. மலைநாட்டுக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை விட ஏதாவது செய்வோம் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் ஊசி பிடிக்கப் போனோம்.

முதல் நாளே வெட்கமாகப் போய்விட்டது. இருபது கண்ணி போட்டுத் தொடங்கினால் நாலாவது வரியில் இருபத்திமூன்று இருக்கும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. "இதுகூட விளங்கவில்லையா?" என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்போம்! முப்பது வயது தாண்டியவர்கள் புதிதாக ஒன்றைப் பழகினால்தான் பின்வரிசைப் பிள்ளையின் நிலைமை புரிகிறது.

பிறகு கயிறு முறுக்கின மாதிரி வரும் பின்னலைப் பழகினோம். மூன்று கண்ணியை வேறொரு ஊசியில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த மூன்றையும் முதலில் பின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒதுக்கினதை எடுப்பது. ஒதுக்கி வைத்ததை மறந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

மாமி சொல்லித் தந்ததில் எங்களை நிமிர்த்தியது இன்னொரு முறை. சரியாக வந்த ஒரு வரியின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றை ஓட்டி விடுவது. பிறகு பிழைத்தால் ஊசியை உருவிவிட்டுப் பிரிக்கலாம். அந்த நூல் வரை வந்து பிரிவது நின்றுவிடும். ஒரே ஒரு கண்ணி நழுவினால் பிரிக்கவே தேவையில்லை, குரோஷே ஊசியால் வரி வரியாக மேலே தூக்கி எடுக்கலாம்.

அன்று இரவு கொப்பியைத் திறந்தோம். பதினோராம் அத்தியாயம் வரை சரி. அங்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டோம். மிச்சத்தைப் பிரித்தோம். அப்போதுதான் எங்கள் உண்மையான பிழை தெரிந்தது. பிள்ளையை நிறுத்தின வாப்பாவை வெறும் கெட்டவராக எழுதியிருந்தோம். அவருடைய கடன், அவருடைய பயம், பாடசாலைக்கு இருந்த தூரம் ஒன்றும் அதில் இல்லை. இப்போது எழுதியிருக்கிறோம். ஆனால் பிள்ளை நின்ற கதையை எடுக்கவில்லை. பிழை என்றால் எத்தனை தடவையும் பிரிக்கலாம். யாரும் ஏதும் சொல்லி விடுவார்கள் என்ற பயத்தில் பிரிக்கத் தொடங்கினால் கையில் நூல் மட்டும்தான் மிஞ்சும்.

"ஒன்றை முடித்து விட்டு மற்றதைத் தொடங்குங்கோ" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. அவர் ஒரு சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். பெண் பிள்ளைகளின் கல்விக்காகப் பேசியவர். இத்தனைக்கும் நடுவில்தான் நாவலும் எழுதினார். ஆகவே நாவல் எழுதுவது எங்கள் சமூகத்துக்குப் புதிதில்லை, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதும் புதிதில்லை.

உங்கள் வீட்டிலும் ராத்தாவோ மகளோ மருமகளோ எழுதிப் பாதியில் வைத்த ஒரு கொப்பி இருக்கலாம். "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்காதீர்கள். "ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். அரை மணி நேரம் அடுப்படியில் இருந்து விடுதலையும் கொடுங்கள். அவர் பிரித்துத் திரும்ப எழுதினால் சிரிக்காதீர்கள்.

எங்களுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. நோன்புக்கு முன் முடித்து விடுவோம், இன்ஷா அல்லாஹ். மாமியின் பேரப்பிள்ளைக்குப் பின்னும் ஸ்வெட்டருக்கு ஒரு கை மட்டும்தான் பாக்கி. எது முதலில் முடிகிறது என்று பார்ப்போம்.

பதினான்காம் அத்தியாயத்தை வாசிக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், தருகிறோம். எடுக்கச் சொன்ன பெரியவருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.