வீட்டுக் கைவேலை: ஒட்ட மறுக்கும் பிளாஸ்டிக்

தோட்டம் போட இடமில்லாத குவார்ட்டர்ஸ் வீடுகளில் மீன் தொட்டி குழந்தைகளுக்கு நல்லதொரு பொழுதுபோக்கு. ஆனால் உள்ளே வைத்த வடிகட்டிப் பெட்டியோ, தடுப்புத் தகடோ கழன்றுவிட்டால், எந்தப் பசை தடவினாலும் சின்னாளில் உரிந்து வருகிறதென அன்பர் சிலர் நம்மிடம் குறைப்பட்டனர். குறை பசையில் இல்லை. பிளாஸ்டிக்கின் இயல்பில் இருக்கிறது.

பசை ஒரு பொருளைப் பற்ற வேண்டுமாயின், முதலில் அதன்மேல் படர்ந்து நனைக்க வேண்டும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் ஆகிய இரண்டின் மேற்பரப்பும் மெழுகை ஒத்தது. தாமரையிலைத் தண்ணீர்போல், பசை அவற்றின்மேல் ஒட்டாமல் ஒதுங்கும். உப்புத்தாளால் தேய்த்தாலும் சிறிதளவே பயனுண்டு.

ஆகவே முதலில் இனமறிதல் வேண்டும். பொருளின் அடியில் முக்கோணத்துள் எண் பொறித்திருக்கும். 2, 4 பாலித்தீன், 5 பாலிப்ரொப்பிலீன், 3 பி.வி.சி. எண் இல்லையேல், சிறு துண்டு வெட்டி, சோப்பு கலந்த நீரில் நன்கு அமிழ்த்திக் குமிழி நீக்கிக் கைவிடுக. மிதந்தால் அது பெரும்பாலும் ஒட்டாத இனம். பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் மூழ்கும்.

மூழ்கும் இனத்திற்கு வழி எளிது. பி.வி.சி. குழாய்க்கு அதற்குரிய சால்வென்ட் சிமென்டும், அக்ரிலிக்குக்கு அதற்குரிய கரைப்பானும் போதும். இவை பரப்பையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்குகின்றன. சன்னலைத் திறந்துவைத்தே இவற்றைக் கையாளுக. கண்ணாடியுடன் கண்ணாடியை இணைக்கச் சிலிக்கோனே சிறந்தது. ஆயினும் குளியலறைக்கென விற்கும், பூஞ்சைக்கொல்லி கலந்த வகையை மீனுள்ள தொட்டிக்கு வாங்கலாகாது. வினிகர் நெடி முற்றும் அகன்று, சிலிக்கோன் நன்கு இறுகிய பின்னரே நீர் நிரப்புக.

மிதக்கும் இனத்தைப் பசையிடம் ஒப்படைக்காமல், பூட்டிக் கட்டுவதே அறிவுடைமை. மொட்டைமாடியிலுள்ள பாலித்தீன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அதன் குழாயைப் பசையா தாங்குகிறது? துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்து, டேங்க் நிப்பிளை மரையால் முறுக்கியிருக்கிறார்கள். பாலித்தீன் பெட்டியில் குழாய் செருகுவதற்கும் அம்முறையே ஏற்றது. தடுப்புத் தகடாயின் ஓரத்தில் துளையிட்டு நைலான் பட்டையால் கட்டலாம். கண்ணாடியில் பொருத்தியே தீரவேண்டுமெனில், தகட்டின் விளிம்பில் நெருக்கமாகச் சிறு துளைகளிட்டு, சிலிக்கோன் அவற்றின் வழியே மறுபுறம் பிதுங்கிப் பரவுமாறு அழுத்துக. இறுகியபின் அது ஆணிபோல் பிடிக்கும். தாமிரம், பித்தளைத் திருகுகளைத் தவிர்க்க. தாமிரம் நீரில் கரைந்தால் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சாகும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமுமுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அடிப்பக்கத்துக் குழாய் இணைப்பு இரவில் விட்டுவிட்டால், அந்த நீர் கீழ்வீட்டாரின் கூரையில் கசியும். வடநாட்டுக் குளிரில் தொட்டிக்குள் ஹீட்டர் வைப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒட்டிய தாங்கி கழன்று ஹீட்டர் சாய்ந்தால், அருகிலுள்ள பிளாஸ்டிக் இளகலாம். நீருக்கு வெளியே எரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கலாம். எதைச் சரிசெய்வதாயினும், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரில் கைவைக்க வேண்டுமென்பதைக் குழந்தைகளுக்கும் கற்பியுங்கள்.

புதிய பசைக்குக் காசு செலவிடுமுன், ஒரு துண்டை நீரிலிட்டுப் பாருங்கள். மிதந்தால், பசைக் கடைக்குப் போக வேண்டாம். நைலான் பட்டையும் ரப்பர் வாஷரும் வாங்கி வாருங்கள்.