லிம்போமா குணமான பின்னும் தைராய்டைக் கவனியுங்கள்

லிம்போமா குணமாகிப் பல ஆண்டுகள் கழித்து வரும் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவற்றை 'வயதாகிவிட்டது' என்று பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது தைராய்டு சுரப்புக் குறைவாகவும் இருக்கலாம். சிகிச்சை முடிந்து 20 ஆண்டுகளுக்குப் பின்னரும் அது தோன்றக்கூடும்.

ஆகவே, அறிகுறிகளுக்காகக் காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் கழுத்துப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம் என்பதே என் உறுதியான கருத்து. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறைவு இருப்பின், பெரும்பாலோருக்கு அன்றாடம் வெறும் வயிற்றில் உட்கொள்ளும் ஒரு மாத்திரையே போதும்.

எவ்விடத்தில், எவ்வளவு கதிர்வீச்சு அளிக்கப்பட்டது என்பதை எழுதித் தருவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. புதிய மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.