நான்கு வாய்பாடுகளும் ஓர் 'ஆல்' விகுதியும்

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் எமது பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டினால் நான்கு வரிகளைத் தவறாமற் காணலாம். நிபந்தனை வாக்கியத்தின் பூச்சிய வகை, முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. பெருக்கல் வாய்பாடுபோல அவற்றை மனனம் செய்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இப்படிக் கற்பிப்பது வீண் வேலை என்பது எனது கருத்து.

"பணம் இருந்தால் வீடு வாங்குவேன்" என்கிறோம். வங்கிக் கடன் நாளை கைக்கு வரவிருப்பவரும் இதைத்தான் சொல்வார். கையில் சதமும் இல்லாமற் கனவு காண்பவரும் இதைத்தான் சொல்வார். ஆங்கிலம் இவ்விருவரையும் பிரிக்கிறது. முன்னவர் "ஹாவ்", "வில்" என்பார். பின்னவர் "ஹாட்", "வூட்" என்பார். இந்த "ஹாட்" கடந்த காலத்தைச் சொல்ல வந்ததன்று. நடப்பிலிருந்து விலகி நிற்பதன் அடையாளம். அதை விளக்காமற் சூத்திரத்தை மட்டும் பலகையில் எழுதுவதால், மாணவர் "இருந்தது" எனப் பொருள்கொண்டு தடுமாறுகின்றனர். இது எமக்கு அந்நியமான சங்கதியா? "வந்தான்" என்பதிலுள்ள அதே இறந்தகால உருவந்தானே "நாளை வந்தால்" என்பதிலும் இருக்கிறது! ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தைத் தொட்டால் தீட்டு என்று யார் சொன்னார்களோ தெரியாது.

மூன்றாம் வகைதான் மிகக் கடினமாம். "2009 இல் அந்தப் பக்கம் போயிராவிட்டால் தம்பி உயிரோடு இருந்திருப்பான்." வன்னியில் இவ்வாறு பேசாத வீடுகள் எத்தனை? நடந்ததை நடவாததாக எண்ணிப் பார்க்கும் வாக்கியம் இது. "போயிராவிட்டால்" என்பது "ஹாட் நொட் கோன்". "இருந்திருப்பான்" என்பது "வூட் ஹாவ் பீன்". ஏறக்குறைய உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. "அன்று படித்திருந்தால் இன்று நல்ல உத்தியோகத்தில் இருப்பேன்" என்றால் அது நான்கு வாய்பாடுகளில் எதிலும் அடங்காது. ஆயினும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அது சரியான வாக்கியமே.

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடங்கள். புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று மாத்திரமே. இரண்டாம் வகையில் ஒரு வாக்கியம் சொல் என்று பரீட்சகர் கேட்பதில்லை. உங்கள் ஊரில் ஒன்றை மாற்ற முடிந்தால் எதை மாற்றுவீர்கள் என்பது போலத்தான் கேட்பார். ஆசிரியர்கள் பலகையைத் துடைத்துவிட்டு, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பற்றி இப்படியொரு கேள்வியைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் பேசவிடலாம். "வில்" எங்கே, "வூட்" எங்கே பிசகுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.