முதலில் தயிர்ச் சட்டி, பிறகு பூச்சாடி

2009இல் போர் முடிந்த பின்னர் பாசிக்குடாக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. அன்று முதல், வயலை விட்டு வந்த எமக்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை, "வெளிநாட்டார் விரும்பி வாங்கும் பொருளைச் செய்யுங்கள்" என்பதே. வீட்டு முற்றத்துச் சூளையில் சுடக்கூடிய 'ராக்கு' மட்பாண்டம் அத்தகைய பொருள்களில் ஒன்று. அதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் எதை முதலில் சுடுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

ராக்கு, 16ஆம் நூற்றாண்டில் யப்பானில் தேநீர்க் கிண்ணத்துக்காகத் தோன்றிய முறை. ஏறத்தாழ 1000 பாகைச் சூட்டில் தணலாய் ஒளிரும் பாத்திரத்தை இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். அதை மரத்தூளில் இட்டுப் புகையூட்டுவது பின்னாளில் அமெரிக்கர் சேர்த்தது. பழைய பரல் ஒன்றே சூளையாகும். எரிபொருள் பெரும்பாலும் எரிவாயு. மெருகு வெடித்து நீர் கசிவதால் அப்பாத்திரம் அலங்காரத்துக்கே ஏற்றது. சோறு கறிக்கு உதவாது.

உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பினால் என்னவாகும்? 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் பயணிகள் வரவு குறைந்தது. 2020இல் கொரோனா வந்தது. 2022இல் சமையலுக்கே எரிவாயு இன்றி வரிசையில் நின்றோம். அந்நாளில் கைகொடுத்தவை விறகடுப்பும் மண்சட்டியுமே.

மட்டக்களப்பின் எருமைத் தயிருக்குச் சட்டி என்றும் தேவை. சுட்ட மண் நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் கட்டியாக உறைகிறது. இதற்கு 1000 பாகை வேண்டாம். களியில் மணலோ இடித்த ஓட்டுத்தூளோ கலந்து, வனைந்ததை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் அது நீராவியாகிச் சட்டியை வெடிக்கவைக்கும். பொச்சுமட்டை, சிரட்டை, வைக்கோல் கொண்டு மெதுவாகச் சூடேற்றி, இருட்டில் சட்டி செந்நிறமாகத் தெரியும்வரை எரிக்க வேண்டும். அந்தச் சூடு ஏறாத சட்டி நீரில் மீண்டும் சேறாகிவிடும். சூளையை ஆறவிட்டே பிரிக்க வேண்டும். தொழில் தெரிந்த குயவர் குடும்பங்களைக் கூலிக்கு அல்ல, ஆசான்களாக அழைப்போம்.

புகையூட்டுவதும் எமக்குப் புதிதல்ல. பொம்பரிப்பு ஈமத்தாழிகளோடு கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் கறுப்பும் சிவப்பும் ஒன்றாய் அமையச் சுட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. சட்டி சுடக் கை பழகிய பின் பூச்சாடியும் சுடலாம், விடுதிக்கும் விற்கலாம்.

ஆனால் அடிப்படைக் கேள்வி வேறு. கடற்கரையில் இருப்பது மணல். களிமண் இருப்பது உள்ளே, குளத்தடியிலும் வயல்வெளியிலும். அதை எடுக்கவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். இடம்பெயர்ந்தவருக்குக் கை இருக்கிறது, மண் இல்லை. வீடும் கிணறும் கேட்டு மனு எழுதுகிறோம். களிமண் கேட்டு எழுதுவதில்லை. குளம் தூர்வாரும் வேளையில் வெளியே கொட்டும் களியில் ஒரு பங்கை எமக்கு ஒதுக்குமாறு, கமக்காரர் அமைப்புகளோடு சேர்ந்து பிரதேச செயலகத்திடம் கேட்போம். சூளை பயிற்றுவிக்க வருவோரிடமும் முதற் கேள்வியாக இதையே வைப்போம்: மண் எங்கே?