எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடாதீர்கள்

பில்டர் ஐயா,

சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். எங்கள் ஆயுளுக்கு நீங்கள் போட்டிருக்கும் விலை இதுதான். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது. சாவி கொடுக்கத் தாமதமானால் 1000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 5000 ரூபாய் தருவீர்களாம். அதே ஒப்பந்தத்தில், நாங்கள் ஒரு தவணையைத் தள்ளிக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. என் கணவருக்கு ஒருமுறை சம்பளம் பிந்தியது. விட்டீர்களா? டிமாண்ட் லெட்டருக்குப் பின்னாலேயே வட்டிக் கணக்கும் வந்தது, பைசா பிசகாமல். கட்டினோம். இப்போது வருஷக்கணக்கில் இழுத்தடிப்பது நீங்கள். அந்த 5000 ரூபாயாவது கண்ணில் பட்டதா? ‘ஃபைனல் செட்டில்மென்ட்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்’ என்கிறார்கள் உங்கள் ஆபீஸ் பிள்ளைகள்.

இது அநியாயம் என்று நான் மட்டும் சொல்லவில்லை. குர்கான் ஃபிளாட் வழக்கு ஒன்றில், வாங்குபவருக்கு 18 சதவீதம், பில்டருக்கு 9 சதவீதம் என்று எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதி வாங்குவதே முறையற்ற வணிகம், அது வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. உங்கள் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும், நாங்கள் வழக்குப் போட்டிருக்கும் நுகர்வோர் கமிஷனில் அதே மாதிரி ஒப்பந்தத்தைத்தான் நீட்டுகிறார்.

சென்னை ஓ.எம்.ஆரில் நீங்கள் நடத்திய பூமி பூஜைக்கு நாங்கள் குடும்பத்தோடு வந்தோம். யுடிஎஸ் என்னும் பிரிக்கப்படாத நிலப் பங்கைத் தனியாகக் கிரயம் செய்தீர்கள், கட்டுமான ஒப்பந்தத்தைத் தனியாகப் போட்டீர்கள். ஸ்லாபுக்கு ஸ்லாப் பேங்க் உங்களுக்குப் பணம் விடுவித்தது. கடைசி ஸ்லாப் போட்டதும் விலையில் பெரும்பங்கு உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அத்தோடு சென்ட்ரிங் ஆட்களைக் காணோம், கொத்தனார்களைக் காணோம். எல்லோரும் உங்கள் அடுத்த சைட்டில் இருப்பதாக வாட்ச்மேன்தான் சொன்னார். எங்களிடம் வாங்கியதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து இந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்கிறது ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம். அந்தக் கணக்கின் வரவு செலவைக் காட்டச் சொன்னோம். காட்டினீர்களா?

கொரோனா என்றீர்கள். அதற்கு அரசே ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது, நாங்களும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மணல் என்றீர்கள், மழை என்றீர்கள், லிஃப்ட் கம்பெனி என்றீர்கள்.

இங்கே நாங்கள் வாடகையும் கட்டுகிறோம், கடன் வட்டியும் கட்டுகிறோம். கொடுமையில் கொடுமை இது: கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வீடு முடியாவிட்டால், பழைய வரி முறையில் வட்டிக்குக் கிடைக்கும் 2 லட்ச ரூபாய்க் கழிவு 30,000 ஆகச் சுருங்கிவிடும். தாமதம் உங்களுடையது, அபராதம் எங்களுக்கு. வருமான வரித் துறைக்கு உங்கள் முகவரி தெரியாதா என்ன?

என் மாமியார் புது வீட்டுக்கென்று ஒரு குத்துவிளக்கு வாங்கிப் பழைய புடவையில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்தார். அவர் வாடகை வீட்டில்தான் போனார். போன அன்று ஹவுஸ் ஓனர் கீழே நின்றுகொண்டு, ‘பாடியை ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், அப்புறம் யாரும் குடிவர மாட்டாங்க’ என்றார். அவரை என்ன சொல்ல? அவர் வீடு. எங்களுக்கென்று ஒரு கூடம் இருந்திருந்தால், பெற்றவளை ஒரு ராத்திரி கிடத்த என் கணவர் இன்னொருவரிடம் கெஞ்சியிருக்க மாட்டார். பதிமூன்றாம் நாள் காரியத்தை மண்டபத்தில் செய்தோம். இதற்குச் சதுர அடிக்கு எவ்வளவு, ஐயா?

அந்த மாதம்தான் சேர்ந்து வழக்குப் போடுவதென்று முடிவெடுத்தோம். தனியாக நடந்தபோது உங்கள் ரிசப்ஷன் சோபாவைத் தாண்டி நாங்கள் போனதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவர்கள், ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். சிங்கப்பூரில் இருப்பவர், ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் கொட்டியவர், கல்யாணத்துக்குள் வீடு வந்துவிடும் என்று பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்த பையன். வக்கீல் ஃபீஸைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

நுகர்வோர் கமிஷனிலும் உங்கள் சாமர்த்தியம் தொடர்ந்தது. ‘ஒவ்வொருவர் ஒப்பந்தமும் வேறு தேதி, ஃபிளாட் அளவு வேறு, இவர்களுக்குப் பொதுவான நலன் எதுவும் இல்லை, தனித்தனியாகப் போடட்டும்’ என்றார் உங்கள் வக்கீல். ஒரே கேட், ஒரே லிஃப்ட் குழி, ஒரே பொய்! இதற்கு மேல் பொது என்ன வேண்டும்? 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரே நலன் உள்ள பலர் கமிஷனின் அனுமதியோடு எல்லோருக்காகவும் புகார் கொடுக்க வழி செய்கிறது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பெங்களூர்க் குடியிருப்பு வழக்கில், மொத்தம் 1134 வீட்டுக்காரர்களுக்காகவும் பேச முடியாவிட்டாலும், வந்திருக்கிற சிலர் தங்களுக்காகக் கூட்டாகப் புகார் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்கே எத்தனை வாய்தா! எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. மூன்று மாதம்! எழுதியவர்கள் எந்த ஊர்க் கமிஷனைப் பார்த்து எழுதினார்களோ. மெம்பர் பணியிடம் காலி, பில்டர் தரப்பு வக்கீலுக்கு ஜுரம், மறு தேதி.

இதற்கிடையில் திவால் பூச்சாண்டி வேறு. கம்பெனி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் தடைக்காலம் வந்துவிடும், கம்பெனி மேல் உள்ள நுகர்வோர் வழக்கு அப்படியே நின்றுவிடும் என்று உங்கள் மேனேஜர் எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறார். அக்கறையாகச் சொல்கிறாராம்.

இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக. ‘உங்க ஃபிளாட்டை மட்டும் முடிச்சுத் தர்றோம் சார், கேஸ்ல இருந்து பேரை எடுத்துடுங்க, இழப்பீடு வேண்டாம்னு ஒரு கையெழுத்து.’ இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவருக்கு டயாலிசிஸ். அவரைக் குரூப்பில் யாரோ துரோகி என்று எழுதியபோது எனக்கு வந்த கோபம் எழுதியவர் மேல் அல்ல, உங்கள் மேல்தான். பக்கத்துப் பக்கத்தில் வாழ வேண்டியவர்கள் நாங்கள்.

பெங்களூரில் 339 பேர் சேர்ந்து போராடிய வழக்கில் தேசிய நுகர்வோர் கமிஷன் கைவிரித்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அங்கேயும் ஒப்பந்தத்தில் இருந்த அதே 5 ரூபாய்க்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. கிரயப் பத்திரம் வேண்டுமானால் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடு என்று கேட்பது நியாயமில்லை என்றும் சொன்னது. ஆனால் தனியாகச் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த வட்டி கிடைக்கவில்லை. நீங்கள் ஏன் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறீர்கள் என்பது அதைப் படித்த அன்று எங்களுக்குப் புரிந்தது.

அதனால் இரவு போன்களை நிறுத்துங்கள். பேச வேண்டுமா, எல்லோரையும் ஒரே நாளில், ஒரே மேஜைக்குக் கூப்பிடுங்கள். வேலையை முடித்து, கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டோடு சாவி. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. டயாலிசிஸ்காரரிடம் வாங்கிய அந்தக் கையெழுத்தையும் திருப்பிக் கொண்டு வாருங்கள்.